சம்பளமா, லீவா?

2022 நவம்பர். அமெரிக்காவோட யுனைடெட் ஏர்லைன்ஸ் பைலட்டுகள் முன்னாடி ஒரு ஒப்பந்தம்: 18 மாசத்துல 14.5 சதவீதத்துக்கு மேல சம்பள உயர்வு. ஓட்டெடுப்பு நடந்துச்சு. 94 சதவீதம் பேர் 'வேண்டாம்'னுட்டாங்க.

சம்பளம் பத்தலையா? அதுவும்தான், விலைவாசி அப்போ எகிறிட்டிருந்துச்சு. கூடவே வேலை விதிகள் பிரச்சினையும் இருந்துச்சு. ஏர்லைன்ல எல்லாமே சீனியாரிட்டி. பல வருஷம் துணை விமானியா இருக்குறவர், பிடிச்ச ட்ரிப்பையும் லீவு நாளையும் முதல்ல எடுத்துக்கலாம். அவரே கேப்டன் ஆனா சம்பளம் கூடும். ஆனா கேப்டன்கள் வரிசையில கடைசி ஆள். 'ரிசர்வ்'ல போட்டுடுவாங்க. போன் வந்தா கிளம்பணும், அன்னைக்கு பொண்ணு பிறந்தநாளா இருந்தாலும். அதனாலயே நிறைய பேர் பதவி உயர்வே வேண்டாம்னு ஒதுங்கினாங்க.

2023 செப்டம்பர்ல புது ஒப்பந்தம் 82 சதவீத ஆதரவோட நிறைவேறுச்சு. நாலு வருஷத்துல 40 சதவீதம் வரைக்கும் உயர்வு. வேலை விதிகளும் மாறுச்சு.

கூடுன சம்பளத்தை விலைவாசி தின்னுடலாம். எழுதி வாங்கின லீவு நாளை அதால தொட முடியாது. அடுத்த ஆஃபர் லெட்டர் உங்க கைக்கு வரும்போது, தொகையைப் பார்த்ததும் கையெழுத்துப் போட்டுடாதீங்க. கடைசிப் பக்கம் வரைக்கும் படிங்க.