தாபரிப்புக் கோவை



தாபரிப்பு என்னும் சொல்லைக் கேட்டதும் நம்மிற் பலருக்கு நீதிமன்ற வாயிலும், கறுப்பங்கி அணிந்த சட்டத்தரணியும், கைக்குழந்தையோடு மரநிழலிற் காத்து நிற்கும் தாயுமே நினைவுக்கு வருவர். அவ்வழக்குக்கு முன்னும் பின்னும் நடைபெறுகின்ற ஒரு வேலையைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன். அதனைச் செய்பவரின் மேசை நீதிமன்றத்தில் இல்லை. பிரதேச செயலகத்தில் இருக்கிறது. சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் என்பது அவருடைய பதவிப்பெயர். எங்கள் ஊரார் அவ்வளவு நீளத்துக்குப் போவதில்லை. 'பிள்ளைகளின் கந்தோர் மிஸ்' என்பதோடு நிறுத்திக்கொள்வர்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பாடசாலையொன்றில் நான் அதிபராக இருந்தபோது நிகழ்ந்ததொன்றைச் சொல்லுகின்றேன். அடையாளங்களைச் சற்று மாற்றியே சொல்லவேண்டியிருக்கிறது. ஏனெனில், அந்தப் பையன் வானொலி கேட்கும் பழக்கமுடையவன்.

2022ஆம் ஆண்டு அவன் எட்டாந்தரத்திற் படித்தான். மாதந்தோறும் முதற் கிழமையில் இரண்டு நாட்கள் பாடசாலைக்கு வரமாட்டான். கேட்டால் காய்ச்சல் என்பான். ஒழுங்காக மாதத்துக்கொரு முறை வருகின்ற காய்ச்சலை நான் நம்பவில்லை. காலைக் கூட்டத்தில் எல்லோரும் காண அவனை எழுப்பி நிறுத்தினேன். தகப்பனை அழைத்து வருமாறு ஒரு கடிதமும் எழுதி அவன் கையிலேயே கொடுத்தனுப்பினேன். அதிபர்கள் செய்வது அதுதானே. தகப்பன் வரவில்லை. பையன் அதற்குப் பின்பு நான்கு நாட்கள் வரவில்லை.

அவ்வேளையிலேதான் மேற்சொன்ன உத்தியோகத்தர் துவிச்சக்கர வண்டியில் வந்து இறங்கினார். எரிபொருளுக்கு நாடெங்கும் வரிசை நின்ற காலம் அது. என் மகளின் வயதே இருக்கும். வரவு இடாப்பைப் பார்க்கலாமா என்று கேட்டார். வராத நாட்களையெல்லாம் தம்முடைய கொப்பியிற் குறித்துக்கொண்டு, "சேர், இவையெல்லாம் தகப்பன் வேலை செய்யும் அரிசி ஆலையில் சம்பளம் கொடுக்கிற நாட்கள்" என்றார்.

விடயம் இதுதான். 2018ஆம் ஆண்டிலேயே நீதவான் நீதிமன்றம் அப்பிள்ளைக்கு மாதம் 5,000 ரூபா கட்டளையிட்டிருந்தது. தகப்பன் சில மாதங்கள் நீதிமன்றத்திற் கட்டினார். அதனை எடுப்பதற்குத் தாய் வாவியைக் கடந்து போய்வந்தால் ஒரு நாட் கூலி போய்விடும். ஆதலின், பணத்தைப் பையனிடமே கொடுத்துவிடலாம் என்று இருவரும் தமக்குள்ளே பேசி முடித்தனர். அன்று தொடங்கிப் பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளை ஆலை வாயிலில் நின்று தகப்பனை எதிர்பார்த்தான். சில மாதம் மூவாயிரம்; சில மாதம் ஆயிரம்; சில மாதம், "நாளைக்கு வா."

எங்கள் பகுதியின் வழக்கமொன்றையும் இங்கே சொல்லவேண்டும். கலியாணமானால் ஆண்மகனே பெண்வீட்டுக்குப் போகின்றான். வீடும் வளவும் பெண்ணின் பெயரில் இருக்கும். ஆகவே, குடும்பம் பிரிந்தால் வெளியேறுபவன் தகப்பன்; பிள்ளைக்குக் கூரையும் அம்மம்மாவும் மிஞ்சுவர். வெளியே பார்ப்பவர்க்குக் குறையொன்றும் தெரியாது. போனது வருமானம் மட்டுமே. அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

"கையிலே வாங்கிய பணத்துக்குப் பற்றுச்சீட்டு இல்லை, சேர். தவறிய மாதத்துக்கும் சாட்சி இல்லை. இப்போது நீதிமன்றத்துக்குப் போனால், முழுவதும் கொடுத்தேன் என்று அவர் சொல்லலாம். ஒன்றும் தரவில்லை என்று இவர் சொல்லலாம். இரண்டுக்கும் சாட்சியாகப் பிள்ளையைத்தான் கூப்பிடுவார்கள்" என்றார் அந்த அம்மணி. பின்பு, சிறிது தயங்கி, "நீங்களும் கடிதத்தை அவனிடம்தானே கொடுத்தீர்கள்?" என்றார். எனக்கு மறுமொழி சொல்ல இயலவில்லை.

இந்நாட்டிலே தாபரிப்புச் சட்டம் புதியதன்று. 1889ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நடைமுறையில் இருந்து, 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்துக்கு இடம் விட்டது. புதிய சட்டத்தின்படி, வசதியிருந்தும் பிள்ளையைத் தாபரிக்கத் தவறுபவர் தாயாயினும் தகப்பனாயினும் பொறுப்பாளியே. பதினெட்டு வயதோடு எல்லாம் முடிந்துவிடுவதுமில்லை. இருபத்தைந்து வயது வரையுள்ள பிள்ளைக்கும் கேட்க இடமுண்டு. உயர்தரம் படிக்கும் பிள்ளைகளின் தாய்மாரிற் பலர் இதனை அறியார். முஸ்லிம் மக்களின் தாபரிப்பு வழக்குகளைக் காதி நீதிமன்றங்கள் விசாரிக்கின்றன.

கட்டளையிடும் அதிகாரம் அந்த உத்தியோகத்தருக்கு இல்லை. ஒரு சதமேனும் அறவிட அவரால் இயலாது. அவர் செய்வதெல்லாம் தேடுவது, கேட்பது, எழுதிவைப்பது, நடப்பது. மாதச் சம்பளக்காரரென்றால் சம்பளத்திலேயே கழிக்குமாறு நீதிமன்றம் கட்டளையிடலாம். நாட்கூலிக்காரரிடம் எதிற் கழிப்பது? ஆதலால் அவர் ஆலைக்கே போனார். தகப்பனைக் குற்றவாளியாக்கி விசாரிக்கவில்லை. ஆலைத் திண்ணையில் இருந்து வரவுசெலவு கேட்டார். 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டு, அடுத்த பெரும்போகத்தில் விளைச்சல் குறைந்து, நெல் வரத்தின்றி ஆலை வாரத்தில் மூன்று நாட்களே ஓடிற்று. அவருக்கு வேறொரு வீடும் அங்கொரு குழந்தையும் இருந்தன. அந்தக் குழந்தைக்கும் வயிறு உண்டென்பதை உத்தியோகத்தர் தமது கொப்பியில் எழுதிக்கொண்டார். நானாயின் எழுதியிருக்கமாட்டேன்.

மறுபுறத்தில், 5,000 ரூபாவும் பழைய 5,000 ரூபாவாக இல்லை. 2022 செத்தெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஓராண்டுக்குள் ஏறத்தாழ 70 சதவீதம் உயர்ந்திருந்தது. கட்டளையில் எழுதிய தொகை தானாக உயர்வதில்லை. நிலைமை மாறியதென்று காட்டித் திருத்தம் கேட்கவேண்டும். அவ்வாறு கேட்கலாம் என்பதே அத்தாய்க்குத் தெரியாது. சட்ட உதவி ஆணைக்குழுவில், வறியவர்க்குக் கட்டணமின்றிச் சட்டத்தரணி கிடைப்பார் என்பதும் தெரியாது. இரண்டையும் அவர் சொல்லிக்கொடுத்து, முதல் நாள் துணைக்கும் போனார்.

முடிவில், பணம் மீண்டும் நீதிமன்றத்தின் வழியாகவே வருவதென்றும், நிலுவையைச் சிறிது சிறிதாகக் கட்டுவதென்றும் ஒழுங்காயிற்று. பணம் எடுக்கும் நாளில் தாய்க்குக் கூலி போவதுதான். அதற்கு உத்தியோகத்தரிடமும் வழியில்லை. தாய் போகின்றார், பையன் வகுப்பில் இருக்கின்றான்.

நான் அவனை அழைத்து, காலைக் கூட்டத்தில் நிறுத்தியது பிழை என்று சொன்னேன். தலையை ஆட்டினான், வேறொன்றும் பேசவில்லை. அவன் பேசவேண்டுமென்று எதிர்பார்ப்பதும் முறையன்று.

அந்த உத்தியோகத்தர் பின்பு இடமாற்றம் பெற்றுச் சென்றார். அவருடைய இடத்துக்கு வந்தவர், முதல் வாரத்திலேயே அதே கோவையைக் கையில் எடுத்துக்கொண்டு பாடசாலைக்கு வந்து, திருத்த விண்ணப்பம் இன்னும் தீரவில்லை, அடுத்த தவணைக்கு வரவு இடாப்பின் பிரதி வேண்டும் என்றார். பிரதியெடுத்து ஒப்பமிட்டேன். தகப்பனுக்கு ஏதேனும் அறிவிக்க வேண்டியிருப்பின், தபாலிலே அனுப்புவதா அல்லது தம்மிடம் தருவதா என்று அவர் கேட்டார். தபாலிலே அனுப்புகின்றேன் என்றேன்.