தண்ணீர்க் குழாயும் தலைவிதியும்

(ஒரு பொதுக்கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



இன்று நாம் தண்ணீர்க் குழாயைப் பற்றிப் பேசப்போகிறோம். சுயமரியாதைக்காரர்களுக்குக் குழாயில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். பழசாய்ப்போன பின்னும் மாற்றப்படாமல் கிடந்து ஜனங்களுக்கு விஷம் ஊட்டுவது வருணாசிரமம் மாத்திரமல்ல, குழாயும் அப்படித்தான்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில் பிளின்ட் என்று ஒரு நகரம். 2011-ல் சுமார் ஒரு லட்சம் ஜனங்கள். அவர்களில் பாதிக்கு மேல் கருப்பு மக்கள். நகரசபை கடனில் மூழ்கிவிட்டதென்று சொல்லி, மாகாண சர்க்கார் 2011-ல் தன் அதிகாரி ஒருவரை மேலே உட்கார வைத்தது. ஜனங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய சபை வெறும் பொம்மையாயிற்று.

அதுவரை ஹியூரான் ஏரித் தண்ணீர், டெட்ராய்ட் நகர நிர்வாகத்தால் சுத்தம் செய்யப்பட்டு பிளின்டுக்கு வந்துகொண்டிருந்தது. செலவைக் குறைக்கிறோம் என்று 2014 ஏப்ரலில் அதை நிறுத்தி, ஊர் ஆற்றுத் தண்ணீரைத் திருப்பிவிட்டார்கள். அங்கே வீதிக் குழாயிலிருந்து வீட்டுக்குப் போகும் குழாய்கள் ஆயிரக்கணக்கில் பழைய காரீயக் குழாய்கள். (நம் வீட்டில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம், அது வேறு.) தண்ணீரில் கொஞ்சம் பாஸ்பேட் மருந்து கலந்தால் குழாயின் உட்புறத்தில் மெல்லிய பூச்சு படிந்து, காரீயம் கரையாமல் காக்கும். டெட்ராய்ட் தண்ணீரில் அம்மருந்து இருந்தது. ஆற்றுத் தண்ணீரில் அதைச் சேர்க்கவில்லை. பூச்சு அரித்துப் போயிற்று. காரீயம் குடிதண்ணீரில் இறங்கிற்று.

தண்ணீர் நிறம் மாறியது, நாறியது, உடம்பில் தடிப்பு உண்டாயிற்று. ஜனங்கள் பழுப்புத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டுவந்து கூட்டங்களில் காட்டினார்கள். "தண்ணீர் நல்ல தண்ணீர்தான்" என்பதே உத்தியோகஸ்தர்களின் பதில். ஆனால் 2014 அக்டோபரில் அவ்வூர் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை, இந்தத் தண்ணீர் இஞ்சின் உறுப்புகளை அரிக்கிறது என்று சொல்லி வேறு தண்ணீருக்கு மாறிக்கொண்டது. இரும்புக்கு ஆகாத தண்ணீர் ஏழைக் குழந்தைகளுக்கு ஆகுமாம்! 2015 மார்ச்சில் நகரசபை, பழைய தண்ணீரே வேண்டுமென்று தீர்மானம் செய்தது. மேலே இருந்த அதிகாரி அதை ஏற்கவில்லை.

முடிவில் உண்மையை வெளிக்கொணர்ந்தது எது? சோதனைதான். வீடுகளில் பிடித்த தண்ணீரை விஞ்ஞானிகள் சோதித்தார்கள். 2015 செப்டம்பரில் மோனா ஹன்னா அட்டிஷா என்ற குழந்தை வைத்திய அம்மையார், குழந்தைகளின் இரத்தத்தில் காரீயம் ஏறியிருப்பதைக் கணக்கோடு காட்டினார். அடுத்த மாதமே பழைய தண்ணீர் திரும்பி வந்தது. ஆனால் குழந்தையின் மூளையில் காரீயம் செய்த கெடுதியைத் திருப்ப முடியுமா? காய்ச்சிக் குடித்தாலும் காரீயம் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடவே செய்யும்.

மாகாணத்தின் சிவில் உரிமைக் கமிஷன் 2017-ல் இந்தக் கேட்டை விசாரித்து, இதன் வேரில் நிறபேதம் இருக்கிறது என்று எழுதிற்று. அதே ஆண்டு, குழாய்களை மாற்றித் தருவதென்று கோர்ட்டில் ஒப்பந்தமாயிற்று. இதில் ஒரு வேடிக்கை: வழக்குப் போட்டவர்களில் பாதிரிமார் சங்கமும் ஒன்று. ஜெபத்தால் காரீயம் போகாது என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது! கோர்ட்டு திரும்பத் திரும்ப இடித்துக் கேட்ட பிறகு, ஏறக்குறைய 11,000 காரீயக் குழாய்கள் தோண்டி மாற்றப்பட்டு, 2025-ல்தான் வேலை முடிந்ததாகக் கோர்ட்டுக்கு அறிவித்தார்கள்.

தோழர்களே! நம் தெருவில் தண்ணீர் நாறினால் நாம் என்ன செய்கிறோம்? பிள்ளைக்குப் பேதி கண்டால் அம்மன் கோபம் என்கிறோம்; செத்தால் தலையெழுத்து என்கிறோம். பூமிக்கடியில் குழாய் போட்டது மனிதன். அதை மாற்றாமல் விட்டதும் மனிதன். இதில் விதி எங்கே வந்தது?

ஆகவே கேளுங்கள்: எங்கள் தெருக் குழாய் எந்த வருஷம் போட்டது? சாக்கடைக்கு எத்தனை அடி தள்ளிப் போகிறது? தண்ணீரைக் கடைசியாகச் சோதித்தது எப்போது? புதுக் குழாய் முதலில் எந்தத் தெருவுக்கு, சேரிக்கு எப்போது? பதில் வராவிட்டால் பத்துப் பேராய்ப் போய்க் கேளுங்கள். பூசாரிக்குக் கொடுக்கும் காசை மிச்சம் பிடித்து, ஒரு பாட்டில் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்புங்கள். குடிக்கிற தண்ணீரைப் பற்றிக் கேள்வி கேட்கும் தைரியம் வந்துவிட்டால், மற்ற கேள்விகள் தாமே வரும்.