மறைத்தால் தீராத நோய்

(கும்மிடிப்பூண்டித் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



மேடையில் பேசத் தகாதது என்று பலரும் ஒதுக்கும் பால்வினை நோய்களைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். பெண்கள் இருக்குமிடத்தில் இது வேண்டுமா என்றார் நண்பர் ஒருவர். அவர்களுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

கிரந்தி, வெட்டை முதலான நான்கு நோய்கள் மருந்தால் முற்றும் தீரக்கூடியவை. ஆயினும் நாள்தோறும் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு இவை புதிதாகத் தொற்றுகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். தீரும் நோய் ஏன் தீரவில்லை?

இளைஞர் கெட்டுவிட்டனர் என்பது எளிய விடை. வடக்கேயிருந்து வந்தவன் கொண்டுவந்தான் என்பது அதனினும் எளிய விடை. நம்மவர் சிலரே அதைச் சொல்லுகின்றனர். 1986இல் இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதல் கண்டறியப்பட்டது எங்கே? நம் சென்னையில்! டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி நிர்மலா திரட்டிய குருதி வேலூரில் சோதிக்கப்பட்டபோது! அதற்காகத் தமிழரைப் பழித்திருந்தால் பொறுத்திருப்போமா?

இந்தச் சிப்காட் உருக்காலைகளைச் சுற்றிப் பாருங்கள். பீகாரிலும் ஒடிசாவிலும் படிப்பை இடையில் விட்டு வந்த இளைஞர்கள். ஓர் அறையில் பலர். வீட்டுக்குப் பணம் போகிறது. வீட்டின் சொல் இங்கு வருவதில்லை. உடம்புக்கு ஏதேனும் வந்தால் சொல்ல ஆளில்லை. மருத்துவமனைக்குப் போனால் ஒருநாள் கூலி போய்விடும். நம் பிள்ளைகள் நிலை மட்டும் என்ன? ஒரே கூரையின் கீழ் தாயும் தந்தையும் இருக்கிறார்கள். இதைப் பற்றி ஒரு சொல் பேசுவதில்லை. கைப்பேசி கற்பிக்கிறது!

அரசின் திட்ட ஏடுகள் புலம்பெயர் தொழிலாளரையும் லாரி ஓட்டுநரையும் 'பாலம்' என்கின்றன. நோய் குடும்பத்துக்குள் நடந்து வரும் பாலமாம். அந்தப் பாலத்தைக் கட்டியவர் யார்? புலம்பெயர் தொழிலாளருக்கு ஒப்பந்தக்காரர் தக்க உறைவிடம் தரவேண்டும் என்று 1979ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. மனைவியோடு வாழத்தக்க அறை எத்தனை பேருக்குக் கிடைத்தது?

ஊரிலிருக்கும் அந்த மனைவியை நினையுங்கள். பெண்கள் பலரிடம் வெட்டை வெளித்தெரிவதில்லை. உள்ளே கருக்குழாயை அடைத்துவிடுகிறது. கணவன் தந்த நோய். மலடி என்ற பெயர் அவளுக்கு! கிரந்தியோ கருவிலுள்ள சிசுவையே கொல்லக்கூடியது. காலத்தில் கண்டறிந்து பென்சிலின் ஊசி போட்டால் தாயும் பிழைப்பாள், பிள்ளையும் பிழைக்கும். ஆனால் ஒருவருக்கு மட்டும் மருந்து தந்தால் நோய் திரும்பும், இருவரும் வரவேண்டும்.

அரசு மருத்துவமனைகளில் சுகவாழ்வு மையமும் நம்பிக்கை மையமும் உள்ளன. செலவில்லை, இரகசியம் காக்கப்படும். 1097 என்ற எண்ணில் ஆலோசனை கேட்கலாம். எச்.ஐ.வி. சோதனை செய்தால்தான் வேலை என்று முதலாளி நிபந்தனை விதிப்பதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

கிளைச் செயலாளர்கள் இவற்றை இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி ஆலை வாயில்களில் ஒட்டுங்கள். ஷிப்டு முடிந்து வருவோருக்கும் மையம் திறந்திருக்க வேண்டுமெனக் கோரும் மனு அடுத்த வாரம் கையொப்பத்துக்கு வருகிறது. தமிழறியாத் தோழரிடம் அதை அவர் மொழியில் படித்துக்காட்டிய பிறகே கையொப்பம் கேளுங்கள்.