பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளும் வீட்டுப் பெரியவர்களும்

(மன்றத்து மாணவர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



பரீட்சைப் பயம் என்னும் பொருள்பற்றிப் பேசவேண்டுமென்று செயலாளர் கேட்டுக்கொண்டார். பயத்தைப்பற்றி மட்டும் பேசினால் இல்லாத பயமும் வந்து சேரும். ஆகையால், அந்தப் பரீட்சை நம்முடைய வீட்டு வாசலில் எந்த வேளையில் வந்து நிற்கின்றது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

கொழும்புப் பிள்ளைக்கும் உடப்புப் பிள்ளைக்கும் வினாத்தாள் ஒன்றுதான். வீடு ஒன்றல்லவே! நமது மேற்குக் கரையில் வாடைக்காற்றுக் காலமே கரைவலைக் காலம். ஐப்பசி தொட்டுச் சித்திரை வரையில் விடியற்காலையிலேயே கரையில் அம்பாப் பாட்டு எழும். சோழகம் எழுந்துவிட்டால் கடல் இடங்கொடாது; உடப்புத் தொழிலாளர் பலர் முல்லைத்தீவு, திருகோணமலைப் பக்கங்களுக்குப் போய்விடுவது தலைமுறை தலைமுறையான வழக்கம். இனிப் பரீட்சைக் காலத்தைப் பாருங்கள். சாதாரண தரப் பரீட்சை நெடுங்காலமாக டிசெம்பரில் நடந்தது. பெருந்தொற்றுக்குப் பின்னர் அந்த ஒழுங்கு குலைந்தது. 2021ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை 2022 மே மாதத்தில் தொடங்கியது. 2024ஆம் ஆண்டுக்குரியது 2025 மார்ச்சில் நடந்தது. டிசெம்பரானாலும் மார்ச்சானாலும் அது வலை இழுக்கும் காலம். மே மாதமென்றால் தகப்பன் ஊரில் இல்லாத காலம். எப்படித் திருப்பினாலும் நம் பிள்ளைக்குப் பரீட்சை தொழிலோடு மோதியே வருகின்றது.

பதினாறு வயதுப் பையன் இருட்டோடு எழுந்து கயிற்றைப் பிடிக்கிறான். மடி கரையேறியதும் அவனுக்கும் ஒரு பங்கு கிடைக்கிறது. அன்றைக்கு அடுப்பெரிய அது உதவுகிறது. அதை நான் இழிவாகச் சொல்லவில்லை. ஆனால் பாடசாலை மணி அடிக்கும்போது அவன் தோள் நோவோடும் தூக்கக் கண்ணோடும் இருக்கிறான். “எனக்கு எதுவும் மனத்தில் நிற்கவில்லை” என்று சொல்லுகிறான். மூளை மந்தமென்று ஊர் சொல்லுகிறது. தூக்கமில்லாத எவனுக்கு மனத்தில் நிற்கும்? பெண் பிள்ளைகளின் நிலையும் இதுவே. அவர்களுக்குக் கயிறு இல்லை, அடுக்களை உண்டு. அதற்குப் பங்குகூடக் கிடைப்பதில்லை.

ஆகவே பெரியவர்களிடம் முதல் விண்ணப்பம்: பரீட்சைக்கு முந்திய மூன்று மாதமாவது அந்த ஒரு பிள்ளையை விடியற்காலை வலைக்கு அழையாதிருங்கள். சம்மாட்டிமாரும் இதற்கு உடன்படவேண்டும். ஒரு பாட்டில் ஒரு கை குறைந்தால் வலை கரைக்கு வராமற்போகாது.

இனி மாணவச் செல்வங்களே, உங்களோடு பேசுகிறேன். பயத்தின் பெரும்பகுதி கணக்குத் தெரியாமையால் வருவது. நான் பாடக் கணக்கைச் சொல்லவில்லை, புள்ளிக் கணக்கைச் சொல்லுகிறேன். ஒன்பது பாடம். உயர்தரம் படிப்பதற்குத் தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தியும், அவற்றுள் மூன்றில் திறமைச் சித்தியும் வேண்டும். சாதாரண சித்திக்கு 35 புள்ளி, திறமைச் சித்திக்கு 50. நம் பக்கத்தில் பிள்ளைகளை இரவில் விழிக்கவைப்பது கணிதம். அதன் முதலாம் வினாத்தாளின் ‘அ’ பகுதியில் 25 சிறு வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி, ஆக 50. இரண்டு வினாத்தாளுக்கும் சேர்த்து மொத்தம் 200. 35 வீதம் என்றால் 70 புள்ளி. அந்தச் சிறு வினாக்களில் இருபதைச் சரியாகச் செய்தவன் 40 புள்ளியோடு பாதி வழிக்கு மேல் வந்துவிடுகிறான்! கேத்திரகணித நிறுவலில் தலையை முட்டிக்கொண்டு அழுகிற தம்பி, முதலில் இந்தச் சிறு வினாக்களைத் தினமும் ஐந்து ஐந்தாகச் செய்துபார்.

படிக்கும் முறையிலும் ஒரு மயக்கம் உண்டு. கொப்பியைத் திரும்பத் திரும்ப வாசிப்பதே படிப்பென்று நினைக்கிறோம். அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்னும் இருவர் 2006இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று உண்டு. மாணவரிற் சிலர் ஒரு பாடத்தை இருமுறை வாசித்தனர். வேறு சிலர் ஒருமுறை வாசித்துப் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடத்தின் பின் கேட்டபோது வாசித்தவரே சற்று முந்தினர். ஒரு கிழமையின் பின்னரோ, வாசித்தவர் நினைவில் நின்றது 42 வீதம். எழுதிப் பார்த்தவருக்கு 56 வீதம். பரீட்சை ஐந்து நிமிடத்தில் வருவதில்லை. ஆதலின் கொப்பியை மூடுங்கள், எழுதுங்கள், பிறகு திறந்து ஒப்பிடுங்கள். கடந்தகால வினாத்தாளை மணிக்கூடு வைத்துச் செய்யுங்கள். வினாத்தாளுக்கு முன்னே விடையைப் பார்க்கும் கெட்ட பழக்கம் கைத்தொலைபேசி வந்தபின் அதிகரித்திருக்கிறது.

பரீட்சை நெருங்கியதும் வகுப்புக்கு வகுப்பு, கருத்தரங்குக்குக் கருத்தரங்கு ஓடுவதும் பயத்தின் வடிவமே. பரீட்சைக்கு முந்திய சில நாட்களில் ரியூசன் வகுப்புகளையும் மாதிரி வினாத்தாள்களையும் பரீட்சைத் திணைக்களமே தடைசெய்கிறது. அந்த நாட்கள் தூங்குவதற்கும், படித்ததை மீட்டுப் பார்ப்பதற்கும் உரியவை. அனுமதி அட்டையையும் அடையாள அட்டையையும் முதல்நாளே ஓர் உறையில் வைத்துவிடுங்கள். கற்பிட்டி, முந்தல் வழியாகப் பஸ்ஸில் வருவோர் முதலாவது பஸ்ஸையே நம்புங்கள், இரண்டாவதை நம்பாதீர்கள்.

மண்டபத்தில் நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும், வயிறு புரட்டும். இது நோயன்று. வலை நிறைந்து வரும்போது சம்மாட்டிக்கும் நெஞ்சு படபடக்கத்தான் செய்யும். மூச்சை மெல்ல உள்ளே இழுத்து, அதைவிட மெல்ல வெளியே விடுங்கள். ஐந்தாறு முறை போதும். மூன்று மணி நேர வினாத்தாளுக்கு வாசிப்பதற்கென்றே 10 நிமிடம் மேலதிகமாகத் தருகிறார்கள். அதைக் கடினமான வினாவைத் தேடி அஞ்சுவதற்குச் செலவிடாமல், தெரிந்த வினாவைத் தேடுவதற்குச் செலவிடுங்கள். எழுதி முடித்து வெளியே வந்தபின் விடைகளை ஒப்பிட்டுக்கொண்டு நிற்கவேண்டாம். அடுத்த பாடம் காத்திருக்கிறது.

சில வேளை நம் கையில் இல்லாததும் நேரும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது உயர்தரப் பரீட்சை இடையில் நிறுத்தப்பட்டது. சிலாபத்திலும் தெதுரு ஓயாவின் கரைகளிலும் வெள்ளம் நின்றது. மீதிப் பாடங்களை அப்பிள்ளைகள் 2026 ஜனவரியிலேதான் எழுதினார்கள். புத்தகம் நனைந்த வீட்டில், முடியாத பரீட்சையொன்றை மனத்தில் வைத்துக்கொண்டு அத்தனை நாள் இருந்தார்கள். அவர்களிடம் நீங்கள் கேட்டு அறியவேண்டியது என்னிடம் கேட்பதைவிட அதிகம்.

பெற்றோருக்கு இன்னும் இரண்டு சொல். “அவன் மகனைப் பார், இவள் மகளைப் பார்” என்னும் பேச்சைப் பரீட்சை முடியும்வரையாவது விட்டுவிடுங்கள். “ஊரில் தலை நிமிர முடியாமற் செய்துவிடாதே” என்பதையும் விடுங்கள். அந்தச் சொல்லைக் கேட்ட பிள்ளை பாடத்தையா நினைக்கும்? பிள்ளை பேச்சைக் குறைத்து, சோற்றை ஒதுக்கி, இரவெல்லாம் விழித்திருந்தால் கண்ணூறு என்று மட்டும் சொல்லிக் கழிக்காதீர்கள். நூல் கட்டுங்கள், அம்மனிடம் நேர்த்தியும் வையுங்கள். அதோடு ஆசிரியரிடமும் வைத்தியரிடமும் பேசுங்கள். 1926 என்னும் இலக்கத்தில் தேசிய மனநல நிறுவனத்தார் தொலைபேசியில் ஆலோசனை தருகிறார்கள். அங்கே பேசுவதில் வெட்கமொன்றுமில்லை.

கோயிற் சபையாருக்கும் ஒன்று சொல்வேன். கோபிக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன். பரீட்சை டிசெம்பரில் இருந்த காலத்தில் திருவெம்பாவை ஒலிபெருக்கி விடியலில் ஊரையே எழுப்பும். ஆடியில் திரௌபதை அம்மன் திருவிழா பதினெட்டு நாள். அதையடுத்து ஓகஸ்டில் உயர்தரப் பரீட்சை. பின்னர் மாதங்கள் மாறின, ஒலிபெருக்கி மாறவில்லை. பரீட்சை நாட்களில் அதைக் கோயில் வீதியோடு நிறுத்திக்கொண்டால் அம்மன் குறைவாகக் கேட்கப்போவதில்லை.

பெறுபேறு நினைத்தபடி வராவிட்டால்? மறுமுறை எழுதலாம். 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தின்படி, சாதாரண தரத்திற் சித்தியெய்தாதவரும் தெரிவுசெய்யப்பட்ட பாடசாலைகளில் தொழிற்பிரிவில் தொடர்ந்து படிக்கலாம். தொழில்நுட்பக் கல்லூரிகளும் உண்டு. கடலுக்குப் போவதும் தொழிலே. தானாக விரும்பிப் போகிறவன் போகட்டும். “இனி உனக்கு இதுதான்” என்று தண்டனையாக அனுப்பப்படுகிறவனைப் பற்றியே எனக்குக் கவலை.

கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இல் இலங்கை இட அகராதியையும், 1859இல் தமிழ்ப் புலவர் வரலாற்றையும் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார். அவர் நாளில் இந்தப் பரீட்சையே இல்லை. அதைச் சொல்லிப் படிக்காமல் இருக்க வழி தேடவேண்டாம் என்று அங்கே பின்வரிசையில் சிரிக்கும் தம்பிமாருக்குச் சொல்லிவைக்கிறேன்!

கடைசியாக மன்றத்தாரிடம் ஒரு கேள்வி. இந்த மண்டபத்தில் மின்விளக்கு உண்டு, வாங்கு உண்டு. மாலையானதும் பூட்டிக் கிடக்கிறது. பரீட்சை முடியும்வரை மாலை 6 மணி தொடங்கி 9 மணி வரை திறந்துவைத்து, முறைவைத்து ஒரு பெரியவர் காவலிருந்தால், வீட்டில் இடமில்லாத பிள்ளைகள் இங்கே வந்து படிப்பார்கள். பெண் பிள்ளைகளை வீடு கொண்டுபோய் விடும் பொறுப்பைத் தாய்மார் சங்கம் ஏற்கட்டும். பழைய வினாத்தாள் வைத்திருப்போர் கொண்டுவந்து தரட்டும்; முதற்கட்டு என்னுடையது, மேசைமேல் வைத்திருக்கிறேன். திறப்பு யாரிடம் இருப்பது என்பதைத் தலைவர் இன்றே, கூட்டம் கலையுமுன் தீர்த்துச் சொல்லவேண்டும்.