சிவப்புச் சட்டையும் பெரிய மணிக்கூடும்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



பாடசாலையின் வரலாற்றைச் சொல்ல என்னிலும் தகுதியானவர்கள் இங்கே இருக்கிறார்கள். செயலாளர் என்னை அழைத்தபோது, "நீங்கள் மேலைத்தேய இசை படித்தவர். அதிலிருந்து ஏதாவது பேசுங்கள்" என்றுதான் கேட்டார். ஆகவே ஒரு ஒப்பெராவைப் பற்றிப் பேசுகிறேன். ஒப்பெரா என்றால் பெரும்பாலும் பாடியே நடிக்கும் நாடகம். எமது கூத்தை அறிந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்த வேண்டியதில்லை.

நான் பேசப்போவது ஜுசேப்பே வெர்டி இசையமைத்த 'லா திராவியாத்தா'. 'வழி தவறியவள்' என்பது அந்தப் பெயரின் பொருள். பாரிஸ் நகரத்துச் செல்வந்தரின் பணத்தில் வாழும் வியோலெத்தா என்ற பெண்ணை அல்பிரேதோ என்ற இளைஞன் உண்மையாக நேசிக்கிறான். அவளுக்கு ஏற்கெனவே காசநோய். பழைய வாழ்வை விட்டு அவனோடு நாட்டுப்புறத்தில் குடியிருக்கிறாள். ஒருநாள் அவனுடைய தகப்பனார் ஜெர்மோன் வந்து, "என் மகனை விட்டுவிடு" என்று கேட்கிறார். அவள் காரணம் சொல்லாமலே பிரிகிறாள். அவன் அவளைப் பலர் முன்னிலையில் அவமானப்படுத்துகிறான். உண்மை தெரிந்து தகப்பனும் மகனும் மன்னிப்புக் கேட்க வரும்போது அவள் மரணப் படுக்கையில் கிடக்கிறாள். கதை இவ்வளவுதான்.

இது வெறும் கற்பனையன்று. மரி டுப்ளெசி என்ற பெண் 1847 இல் பாரிஸில் காசநோயால் இறந்தாள். வயது 23. அவளை நேசித்திருந்த எழுத்தாளர் இளைய டூமா அடுத்த ஆண்டே அவளை நினைத்து நாவல் எழுதினார். 1852 இல் அது நாடகமாக மேடையேறியது. 1853 மார்ச் 6 ஆம் திகதி வெனிஸ் நகரின் லா பெனீசே அரங்கில் வெர்டியின் ஒப்பெரா அரங்கேறியது. அந்தப் பெண் இறந்து ஆறு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

வெர்டி இதைத் தம் காலத்துக் கதையாக, பார்க்க வந்தவர்கள் அணிந்திருந்த அதே வகை உடைகளில் காட்ட விரும்பினார். வெனிஸ் அதிகாரிகள் அனுமதிக்கவில்லை. கதையை ஏறத்தாழ 1700 ஆம் ஆண்டுக்குத் தள்ளிவைக்கச் சொன்னார்கள். 'காதலும் மரணமும்' என்று முதலில் எண்ணியிருந்த பெயரும் மாறியது. நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய பெண்ணுக்காக அழுவதில் ஒருவருக்கும் சங்கடமில்லை. அடுத்த வீட்டுப் பெண்ணுக்காக அழச் சொன்னால்தான் சங்கடம்.

வெர்டிக்கு இது சொந்த விடயமும்கூட. அவர் ஜுசெப்பீனா ஸ்ட்ரெப்போனி என்ற பாடகியோடு திருமணமாகாமல் வாழ்ந்துவந்தார். அவருடைய ஊர் அந்தப் பெண்மணியை ஒதுக்கிவைத்தது. அவர்கள் திருமணம் செய்தது 1859 இல்.

முதல் நாள் ஒப்பெரா தோல்வி கண்டது. அடுத்த ஆண்டு அதே நகரின் வேறொரு அரங்கில் வெற்றி பெற்றது. பின்னர் உலகம் முழுவதும் போயிற்று. ஆனால் காலப்போக்கில் அது சரவிளக்குகளும் பட்டுப் பாவாடைகளும் நிறைந்த அழகான பழங்கதையாகிவிட்டது. பார்த்து, இரசித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

2005 ஆகஸ்டில் ஒஸ்திரியாவின் சால்ஸ்பேர்க் விழாவில் ஜேர்மன் நெறியாளர் வில்லி டெக்கர் இந்த ஒப்பெராவை மேடையேற்றினார். ரஷ்யப் பாடகி அன்னா நெட்ரெப்கோ வியோலெத்தாவாகவும், மெக்சிக்கோவைச் சேர்ந்த ரொலாண்டோ வில்லசோன் அல்பிரேதோவாகவும், அமெரிக்கரான தோமஸ் ஹம்ப்சன் தகப்பனாராகவும் பாடினார்கள். வியன்னா பில்ஹார்மொனிக் வாத்தியக் குழுவைக் கார்லோ ரிற்சி நடத்தினார். நான் இதை ஒளிப்பதிவில்தான் பார்த்தேன். பல தடவை பார்த்திருக்கிறேன்.

திரை விலகினால் சரவிளக்கு இல்லை, மாளிகை இல்லை. வளைந்த வெள்ளைச் சுவர் ஒன்று. ஒரு பெரிய மணிக்கூடு. அதன் அருகே ஒரு முதியவர் பேசாமல் அமர்ந்திருக்கிறார். கதையில் அவர் வைத்தியர்.  டெக்கர் அவரைத் தொடக்கத்திலிருந்தே மேடையில் வைத்துவிட்டார். வியோலெத்தா எங்கே திரும்பினாலும் அவர் நிற்கிறார். இவளுக்கு நேரம் அதிகமில்லை என்பது எங்களுக்கும் தெரிகிறது, அவளுக்கும் தெரிகிறது.

அவளுக்கு ஒரு சிவப்புச் சட்டை. மற்ற எல்லோருக்கும் கறுப்பு கோட், காற்சட்டை. பாடகர் குழுவிலுள்ள பெண்களும் ஆண்களைப்போலவே உடுத்தியிருக்கிறார்கள். இதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. தகப்பனின் வேட்டியைக் கட்டி, கண் மையால் மீசை கீறி, இதே மண்டபத்தில் இராசாவாக நின்றவர்கள் எத்தனை பேர் இங்கே இருக்கிறீர்கள்! ஆனால் சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை. ஒரே மாதிரி உடுத்த அந்தக் கூட்டம் அவளைச் சுற்றி வளைக்கிறது, சுவருக்கு மேலிருந்தும் எட்டிப் பார்க்கிறது. அதில் ஆண் யார், பெண் யார் என்று பிரித்தறிய முடியாது. ஒரு பெண்ணை ஊர் பார்க்கும் பார்வையில் பெண்களின் கண்களும் இருக்கின்றன என்பதை அந்த உடைகள் சொல்லிவிட்டன.

நாட்டுப்புற வீட்டுக் காட்சியில் சோபாக்களையும் மணிக்கூட்டையும் பூப்போட்ட துணிகள் மூடியிருக்கின்றன. இருவரும் அதே பூக்கள் போட்ட அங்கிகளை அணிந்து குழந்தைகளைப்போல விளையாடுகிறார்கள். நேரத்தைத் துணியால் மூடிவைத்த சந்தோசம் அது. தகப்பனார் வந்து பேசிய பிறகு துணிகள் நீங்குகின்றன. கீழே பழைய மணிக்கூடு ஓடிக்கொண்டே இருக்கிறது.

அடுத்த விருந்தில் ஒருவர் அவளைப்போலவே சிவப்புச் சட்டை போட்டுவந்து அவளைக் கேலி செய்கிறார். கடைசியில் அவள் உள்ளாடையோடு சாகக் கிடக்கும்போது, வெளியே திருவிழாக் கூட்டத்தின் பாட்டு எழ வேண்டும். டெக்கர் அந்தக் கூட்டத்தை மேடைக்கே கொண்டுவருகிறார். அவர்கள் நடுவில் சிவப்புச் சட்டை அணிந்த இன்னொரு பெண். இவள் போனால் அடுத்தவள்.

"பழைய கலைப்படைப்பை இப்படி மாற்றலாமா?" என்று என் சிநேகிதி ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. இசையிலும் பாட்டிலும் கதை மாறவில்லை. மாறியது உடையும் மேடையுமே. அவற்றை முதலில் மாற்றியவர்கள் 1853 இன் அதிகாரிகள். அவர்கள் தூரத் தள்ளிவைத்த பெண்ணை டெக்கர் மீண்டும் எம் கண்முன்னே கொண்டுவந்து நிறுத்தினார். வெர்டி கேட்டதும் அதுதான்.

இனி அந்தத் தகப்பனாரிடம் வருகிறேன். ஜெர்மோன் கெட்டவரல்லர். வெர்டி அவருக்கு மிக இனிமையான இசை கொடுத்திருக்கிறார். அவர் வைக்கும் நியாயம் என்ன தெரியுமா? "எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். என் மகன் உன்னோடு இருந்தால் அவளுக்குப் பேசிய கலியாணம் குழம்பிவிடும்." வியோலெத்தா சம்மதிக்கிறாள். "உனக்காக ஒருத்தி தன் வாழ்வை விட்டுக்கொடுத்தாள் என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்கள்" என்பதுதான் அவள் அவரிடம் கேட்பது. அந்த மகள் ஒப்பெராவில் ஒரு தடவைகூட மேடைக்கு வருவதில்லை.

அந்த இடத்தில்தான் நான் ஒளிப்பதிவை நிறுத்திவிட்டு எழுந்து போனேன்.

எமது வகுப்பில் ஒருத்தி இருந்தாள். பாடகர் குழுவின் முதற்குரல் அவளுடையது. காலைப் பிரார்த்தனையில் அவள் தொடங்காமல் நாங்கள் தொடங்கியதில்லை. பாடசாலையை விட்ட பிறகு அவளைப் பற்றி ஊர் கதைத்தது. என்ன நடந்தது என்று நாங்கள் ஒருவரும் அவளிடம் கேட்கவில்லை. என் கலியாணத்துக்கு அழைப்பிதழ் எழுதும்போது அவளுடைய பெயரையும் எழுதினேன். அம்மா அருகே வந்து மெதுவாகச் சொன்னா: "தங்கச்சிக்கு இன்னும் பேச்சுக்கால் முடியேல்லை, பிள்ளை. அவளைக் கூப்பிடவேண்டாம்." அம்மா கெட்டவரல்லர். அம்மாவின் குரலும் இனிமையானதுதான். நான் அந்த உறையை எடுத்து லாச்சியில் வைத்தேன். தங்கச்சிக்கு நல்ல இடத்தில் கலியாணம் முடிந்தது. அதற்காக ஒருத்தியின் பெயர் நீங்கியது என்பது இன்றுவரை அவளுக்குத் தெரியாது. சகோதரிகளே, இப்போதுதான் சொல்கிறேன்.

ஜெர்மோனும் கடைசியில் கடிதம் எழுதுகிறார். மன்னிப்புக் கேட்கத் தானும் மகனும் வருவதாக எழுதுகிறார். அந்தக் கடிதத்தை வியோலெத்தா பாடுவதில்லை. வயலின் மெதுவாக ஒலிக்க, சாதாரணப் பேச்சுக் குரலில் வாசிக்கிறாள். நல்ல கடிதம். பிந்தி வந்த கடிதம்.

நூற்றாண்டு மலருக்காகத் தயாரித்த பெயர்ப் பட்டியலைச் செயலாளர் எனக்கு அனுப்பியிருந்தார். அதன் கடைசிப் பக்கத்தில் 'விலாசம் தெரியாதோர்' என்று ஒரு பகுதி இருக்கிறது. போர் சிலரை எங்கெங்கோ கொண்டுபோய்விட்டது. அவர்களின் விலாசம் உண்மையிலேயே தெரியாது. ஆனால் அந்தப் பக்கத்தை ஆறுதலாக வாசித்துப் பாருங்கள். அதில் சிலரின் விலாசம் எமக்குத் தெரியும். கேட்டால் ஒரு மணித்தியாலத்தில் எடுத்துவிடலாம்.

சென்ற மாதம் நான் அப்படி ஒன்றை எடுத்து எழுதினேன். இன்னும் பதில் வரவில்லை. வராமலும் போகலாம், அது அவளுடைய உரிமை. இந்த மலரில் ஒரு பிரதியை அவளுக்கென்று எடுத்துவைக்கும்படி செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். நீங்களும் வீட்டுக்குப் போகுமுன் அந்தக் கடைசிப் பக்கத்தை ஒருமுறை பாருங்கள்.