செவியைக் காக்கும் மருந்தைத் தேடி
(அறக்கட்டளை விழாவில் ஆற்றிய உரை)

 

இலக்கியம் பற்றியே பேசிப் பழகிய என்னை, இவ்வாண்டு உடல்நலம் குறித்துப் பேசுமாறு பணித்தனர். நான் மருத்துவன் அல்லன், தமிழாசிரியன். ஆயினும் வகுப்பறையில் முப்பதாண்டுகளுக்கு மேலாக மாணவர்தம் செவிகளை நம்பியே வாழ்ந்தவன் என்னும் உரிமையால், செவியைப் பற்றிச் சில சொல்லத் துணிந்தேன். வள்ளுவர் கல்விக்கும் கல்லாமைக்கும் அடுத்துக் கேள்விக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். ஓரறிவு முதலாக உயிர்களை வகைப்படுத்திய தொல்காப்பியர், செவியறிவை ஐந்தாவதாக வைத்தார். அத்துணை அரிய பொறி இது.

முதலில் என் வீட்டுச் செய்தி ஒன்று. நான் பள்ளியில் படித்த காலத்தில் என் தமையனாருக்குக் காசநோய் கண்டது. மாதக்கணக்கில் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டார்கள். நோய் முற்றும் நீங்கிற்று, உயிர் பிழைத்தார். ஆனால் ஊசி போட்டுக்கொண்ட நாள்களிலேயே காதில் ஓயாத இரைச்சல் கேட்பதாகச் சொல்லிவந்தார். உடல் தளர்ச்சி என்று நாங்கள் எண்ணினோம். மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாது. சில மாதங்களில், பின்னாலிருந்து அழைத்தால் திரும்பாதவர் ஆனார். உறவினர் கூடிப் பேசும் இடங்களைத் தவிர்த்தார். ஊரார் அவரைச் செருக்குடையவர் என்றனர். உயிர் காத்த மருந்தே செவியைக் கவர்ந்தது என்பதை நான் அறிந்துகொண்டது பல்லாண்டுகள் கழித்துத்தான்.

இது எவ்வாறு நிகழ்கிறது? நம் உட்செவியில் நத்தையின் ஓடு போல் சுருண்ட உறுப்பு ஒன்று உண்டு. அதனுள் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் வரிசையாக நிற்கின்றன. ஒலியின் அசைவை நரம்பு உணரும் குறிப்பாக மாற்றுபவை அவையே. பறவைகளுக்கு இவ்வணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைக்கும், மனிதர்க்கு முளைப்பதில்லை. இழந்தது இழந்ததே. ஆகவே அழிந்தபின் மருந்து தேடுவதினும், அழியாமற் காக்கும் மருந்தைத் தேடுவதே அறிஞர்தம் முதற்பணி ஆயிற்று.

ஸ்ட்ரெப்டோமைசின் 1943ஆம் ஆண்டு அமெரிக்காவில், மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. காசநோயை வென்ற முதல் மருந்து அது. சிலருக்குத் தலைசுற்றலையும் சிலருக்குச் செவிக்குறையையும் அது உண்டாக்குவது சில ஆண்டுகளிலேயே தெரிந்துவிட்டது. அதன் இனத்தைச் சேர்ந்த கனாமைசின், அமிக்காசின் ஆகியவையும் அத்தகையனவே. மரபணுவில் ஒரு சிறு மாற்றம் உடைய குடும்பத்தினர்க்குக் குறைந்த அளவு மருந்தே செவியைக் கெடுத்துவிடும் என்பது 1993இல் கண்டறியப்பட்டது. அம்மாற்றம் தாய்வழியாக மட்டுமே வரும். மருந்துக்கு வசப்படாத காசநோய்க்குக் கனாமைசினைக் கொடுக்க வேண்டா என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் வழிகாட்டியது. வாய்வழி உண்ணும் புதிய மருந்துகள் அதன் இடத்தைப் பெற்றன. இவ்வாறு, காக்கும் வழிகளுள் ஒன்று, தீங்கு குறைந்த வேறு மருந்தை நாடுவது.

வேறு மருந்தை நாட இயலாதபோது என் செய்வது? புற்றுநோய்க்குத் தரப்படும் சிஸ்பிளாட்டின் அத்தகையது. பிளாட்டினம் என்னும் உலோகம் கலந்த அம்மருந்து, 1978 முதல் எண்ணற்றோரைக் காத்துவருகிறது. ஆனால் உட்செவியில் புகுந்தால் மாதங்கள், ஆண்டுகள் கழிந்தும் அங்கிருந்து எளிதில் நீங்குவதில்லை. முதலில் கெடுவது மெல்லிய, உயர்ந்த ஓசைகளைக் கேட்கும் திறன். பேசக் கற்கும் குழந்தைக்கு இது பேரிழப்பு. ‘பசி’ என்பதும் ‘பதி’ என்பதும் அக்குழந்தைக்கு ஒன்றாகவே ஒலிக்கலாம். ஓசை பிரித்தறியாத குழந்தைக்கு மொழி எவ்வாறு வரும்? ஆசிரியர் அதனை மந்தபுத்தி என்று தள்ளிவிடவும் கூடும்.

இங்கேதான் பழைய நண்பர் ஒருவர் துணைக்கு வருகிறார். புகைப்படக் கூடங்களில் ‘ஹைப்போ’ என்று வழங்கிய உப்பு பெரியோர்க்கு நினைவிருக்கும். அதுவே சோடியம் தயோசல்பேட். அது சிஸ்பிளாட்டினோடு பிணைந்து அதன் நச்சுத்தன்மையை அடக்கும். ஆனால் உடனே கொடுத்தால் புற்றுநோயை அழிக்கும் ஆற்றலும் அடங்கிவிடுமே! ஆகவே ஆறு மணிநேரம் காத்திருந்து பின்னர் அதனை ஊசிவழி செலுத்தினர். கல்லீரல் புற்றுநோயுற்ற குழந்தைகளிடம் பல நாடுகளில் நிகழ்ந்த அந்த ஆய்வின் முடிவு 2018இல் வெளிவந்தது. சிஸ்பிளாட்டின் மட்டும் பெற்ற குழந்தைகளுள் 63 விழுக்காட்டினர்க்குச் செவிக்குறை நேர்ந்தது. காப்பு மருந்தும் பெற்றவர்களுள் 33 விழுக்காட்டினர்க்கே நேர்ந்தது. பிழைத்தோர் எண்ணிக்கை குறையவில்லை. 2022இல் அமெரிக்க அரசு இதனை ஏற்றது. எனினும், புற்றுநோய் உடலெங்கும் பரவிய குழந்தைகளிடம் மற்றோர் ஆய்வில் உயிர்பிழைத்தோர் குறைவாக இருந்தமையால், பரவாத கட்டியுடைய குழந்தைகளுக்கு மட்டுமே இசைவு தரப்பட்டது. உயிரா, செவியா என்னும் தராசில் உயிரே முதல் என்று அறிஞர் நின்ற இடம் அது.

பேரொலியால் கெடும் செவிக்கும் மருந்து தேடுகின்றனர். எப்செலென் என்னும் மருந்தை உண்ட இளைஞர்களுக்கு, உரத்த இசை கேட்டபின் வரும் தற்காலிகச் செவிமந்தம் குறைந்தது என்று 2017இல் ஓர் ஆய்வு கூறிற்று. ஆயினும் ஒலிக்கேட்டைத் தடுப்பதென அரசின் இசைவு பெற்ற மருந்து இன்னும் ஒன்றும் இல்லை.

நம் நெஞ்சை உறுத்தும் செய்தி ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இம்மருந்துகள் பலவும் முதலில் கினிப்பன்றிகளிடமும், வரிக்குதிரை மீனின் இளங்குஞ்சுகளிடமும் சோதிக்கப்படுகின்றன. நோயுற்ற குழந்தையின் பொருட்டு நிகழும் அத்துன்பத்தை எண்ணி நாம் வருந்துகிறோம், விடை எளிதன்று. ஆனால் ஒன்று தெளிவு. பேரொலியால் வரும் கேட்டைத் தடுக்க எவ்வுயிரும் வருந்த வேண்டியதில்லை. நாம் ஒலியைக் குறைத்தால் போதும்.

85 டெசிபல் ஒலியை எட்டு மணிநேரம் கேட்கலாம் என்பர். மூன்று டெசிபல் ஏற ஏற, அந்நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்குக் கால்மணி நேரமே எல்லை. பட்டாசு ஒன்று நான்கு மீட்டர் தொலைவில் 125 டெசிபலைத் தாண்டலாகாது என்பது நம் நாட்டு விதி. மகாவீரர் வீடுபேறு எய்திய நாளை விளக்கேற்றி நினைக்கும் நமக்கு, தீபாவளியில் வெடி எதற்கு? இவ்விழாவின் ஒலிபெருக்கியையும் சற்றுத் தணித்து வைக்குமாறு பொறுப்பாளர்களை உரிமையோடு வேண்டுகிறேன்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். உங்கள் இல்லத்தில் எவருக்கேனும் காசநோய்க்கு ஊசியோ, புற்றுநோய்க்குச் சிஸ்பிளாட்டினோ தரப்படுமாயின், தொடங்கும் முன்பே செவித்திறன் சோதனை செய்யுமாறு கேளுங்கள்; இடையிடையேயும் செய்யச் சொல்லுங்கள். குடும்பத்தில் எவருக்கேனும் ஊசியால் செவி கெட்டதுண்டாயின் அதனையும் சொல்லுங்கள். காதில் இரைச்சல் என்று நோயாளி கூறினால் அன்றே மருத்துவரிடம் தெரிவியுங்கள். அச்சத்தால் மருந்தை நீங்களே நிறுத்திவிடாதீர்கள். மாற்றுவது மருத்துவர் கடமை, சொல்வது நம் கடமை.

என் தமையனார் அன்று சொன்னார், நாங்கள் கேட்கவில்லை. செவி நன்றாய் இருந்த நாங்கள்தாம் அன்று செவிடராய் இருந்தோம். உங்கள் வீட்டில் அந்நிலை வராதிருக்கட்டும்.