ஹெல்மெட்டுக்குள் காற்று இரைச்சல்

30 வருஷம் பைக்கில்தான் வங்கிக்குப் போய்வந்தேன். இப்போது ராத்திரியில் காதுக்குள் ஓயாத ரீங்காரம். பேத்தி பேசுவது பாதிதான் கேட்கிறது.

85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். எங்கள் வட்டிக்கணக்கைவிட மோசம்! 100 டெசிபலுக்கு 15 நிமிஷம்தான். 100 கி.மீ. வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சலே அந்த அளவை நெருங்கிவிடும்.

ஆகவே கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை வரை ஓட்டுகிற பிள்ளைகளே, காதடைப்பான் போடுங்கள். முதலில் மலிவான ஸ்பாஞ்சு வகை போதும். ஹெல்மெட் மாட்டும்போது அது நழுவினால், செவித்திறன் நிபுணரிடம் காதுக்கு அச்சு எடுத்துச் செய்துகொள்ளலாம். அதற்கு முன் டாக்டரிடம் குறும்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். ஹாரன் கேட்கும்படி வடிகட்டி உள்ளதாகக் கேளுங்கள். வாங்கும்போது ஹெல்மெட்டைக் கையோடு கொண்டுபோங்கள். மாட்டினால் வலிக்கக் கூடாது. சுரக்குடிக்குள் கடைக்குப் போக இதெல்லாம் வேண்டாம்.